உயிருக்கு ஆபத்து இருக்கும் பெண்ணுக்கு உதவுவது எப்படி: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் கணவனைக் கூப்பிட்டுக் கண்டிப்பது. அடுத்து காவல் நிலையத்தில் ஒரு மனு. அப்புறம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேச்சு. எதுவும் சரிவரவில்லை என்றால் கடைசியில் வக்கீல். இதில் ஒவ்வொரு படியும் அவனுக்கு முன்னறிவிப்பாகிவிடுகிறது. அவள் கைவிட்டுப் போகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவளோ இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள் என்ற அந்தச் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் ஆபத்தை எடைபோடுவது, பிறகு இடம், பிறகு காகிதம். கணவனிடம் பேசுவது கடைசி, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். அலுவலகப் பெயர்கள் தமிழ்நாட்டுக்கானவை, சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அக்காவுக்காக அலையும் தம்பி, தோழிக்காக நிற்கும் ஆசிரியை, புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இப்போதே தாக்குதல் நடந்துகொண்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு 112-ஐ அழையுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எண்கள்: பெண்கள் உதவி 181, காவல் 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி 1098, இலவசச் சட்ட உதவி 15100. இவற்றை உங்கள் போனில் வையுங்கள், அந்தப் பெண்ணின் போனில் அல்ல. அவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள 181 ஒன்று போதும்.

உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் யார் என்று முன்பே விசாரித்து வையுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் அவர். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நெருக்கடி வந்த பிறகு இந்த அலுவலகத்தைத் தேடி அலைவதில் ஒரு நாள் முழுவதும் போய்விடும்.

மூன்றாவது, தகவல் தெரிந்தவர்களின் எண்ணிக்கை. ஒருங்கிணைப்பவர் ஒருவர், அவருக்குத் துணை ஒருவர், அவ்வளவுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை கேட்டால் சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும்.

சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது எந்தப் பொறுப்பும் வராது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அதிகாரி வீட்டு வாசலில் வந்து நின்று போன பிறகு அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான்.

2. ஆபத்தை எடைபோடுங்கள்

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். இத்தனை பேரையும் இன்றிரவே வேறு இடத்துக்கு மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. இவர்களில் யார் கொல்லப்படக்கூடும் என்பதைப் பிரித்தறிவதுதான் முதல் வேலை. எவ்வளவு அடி விழுந்தது என்பதை வைத்து அதைக் கணிக்க முடியாது. கை ஒடிந்தவர் பிழைத்திருக்கிறார், ஒரு கீறல்கூட இல்லாதவர் இறந்திருக்கிறார்.

அமெரிக்காவில் செவிலியர் பேராசிரியராக இருந்த ஜாக்குலின் கேம்ப்பெல் இதற்காகவே 1985-இல் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். 2003-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு 11 நகரங்களில் கொல்லப்பட்ட 220 பெண்களை, வன்முறைக்கு ஆளாகியும் உயிரோடு இருக்கும் 343 பெண்களோடு ஒப்பிட்டது. கொலைக்கு முன்பு எவை கூடுதலாக இருந்தன என்பது அதிலிருந்து தெரியவந்தது. நாம் கேட்க வேண்டியவை இவை:

கடந்த ஓராண்டில் அடி அடிக்கடி விழுகிறதா, கடுமை கூடியிருக்கிறதா? கழுத்தை நெரித்திருக்கிறானா? கத்தி, அரிவாள், கட்டை எதையாவது எடுத்திருக்கிறானா? கொன்றுவிடுவேன் என்று சொல்கிறானா? எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய், எவ்வளவு செலவு செய்தாய் என்று நாள் முழுவதும் கணக்குக் கேட்கிறானா? எனக்கு இல்லாத நீ எவனுக்கும் கிடையாது என்ற பேச்சு உண்டா? கட்டாய உடலுறவு உண்டா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தானா? தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுகிறானா? வேலை இல்லாமல் இருக்கிறானா? பிள்ளைகளை ஏதாவது செய்வேன் என்கிறானா? கடந்த ஓராண்டில் அவர் ஒருமுறையாவது பிரிந்து போயிருக்கிறாரா?

அந்த ஆய்வில் துப்பாக்கி பெரிய காரணி. இங்கே அந்த இடத்தில் நெருப்பும் கயிறும் விஷமும் வந்து உட்காருகின்றன. அதனால் நான் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கேட்பேன். மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோலை ஊற்றியோ காட்டியோ மிரட்டினானா? 'போய்ச் சாவு' என்று கயிற்றையோ பூச்சிமருந்தையோ கையில் கொடுத்திருக்கிறார்களா? நகை, பணம் கேட்பது இன்னும் நிற்கவில்லையா? மாமியார், நாத்தனார், கொழுந்தன் அடிக்கும்போது கூட நிற்கிறார்களா? அவனுக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சு நடக்கிறதா?

கேட்கும் முறையும் முக்கியம். ஒரு மாதக் காலண்டரைக் கையில் கொடுங்கள். தேதி நினைவிருக்காது. ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோது, தீபாவளிக்கு முதல் நாள், பெரியவனுக்குக் காலாண்டுப் பரீட்சை நடந்தபோது என்றுதான் நினைவு வரும். ஒவ்வொன்றையும் அந்தக் கட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று என்று இருந்தது வாரத்துக்கு ஒன்றாக நெருங்கி வருவது கண்ணெதிரே தெரியும். பிற்பாடு இதே காலண்டர் நீதிமன்ற மனுவுக்கும் அடிப்படையாகும்.

புதியவர்கள் செய்யும் தவறு, பெண்ணே 'அதெல்லாம் செய்ய மாட்டார்' என்று சொன்னதும் பட்டியலை மூடிவிடுவது. அதே ஆய்வில் கொல்லப்பட்ட, கொலை முயற்சியிலிருந்து தப்பிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபத்து அவ்வளவு பெரியது என்று உணர்ந்திருக்கவில்லை. எனவே 'பயமா இருக்கு' என்று சொன்னால் அப்படியே நம்புங்கள். 'பயமில்லை' என்று சொன்னால் பட்டியலில் உள்ள பதில்களை நம்புங்கள்.

பட்டியலில் கழுத்து நெரிப்பு, கொலை மிரட்டல், நெருப்பு, சமீபத்திய பிரிவு இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலே அதை உயிராபத்து வழக்காக நடத்துங்கள். இது என்னுடைய அளவுகோல். மதிப்பெண் கூட்டிக்கொண்டிருப்பதைவிட இது பாதுகாப்பானது.

3. கழுத்தை நெரித்திருந்தால் முதலில் மருத்துவமனை

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் உண்டு. 2008-இல் நான்சி கிளாஸ் குழு வெளியிட்ட ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் இருந்தது. இங்கே அதை 'கழுத்தைப் பிடிச்சார்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வரி வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

வெளியில் தடம் தெரியாது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 300 கழுத்து நெரிப்பு வழக்குகளைப் புரட்டியபோது பாதியில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. குரல் கம்மியதா, விழுங்கும்போது வலிக்கிறதா, கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, அந்த நேரத்தில் கண் இருட்டியதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்று கேளுங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். 'இப்போ நல்லாத்தான் இருக்கேன்' என்பதை வைத்து விட்டுவிடக் கூடாது.

அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். எல்லோரும் சொல்வது ஏ.ஆர். என்றுதான், அந்த ஏ.ஆர். காப்பி உங்களுக்கு வேண்டும். 'தெரிந்த நபர் ஒருவரால் தாக்கப்பட்டதாக' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. 'கணவரால், இன்ன தேதி, இன்ன நேரம், வீட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் கழுத்தை நெரித்து' என்று எழுதக் கேளுங்கள். கணவன் கூடவே வந்திருந்தால் அந்தப் பெண் தான் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வார். அதனால் எக்ஸ்ரே அறை, ஊசி போடும் இடம் என்று ஏதாவது சாக்கில் தனியாகப் பேச நர்ஸிடம் உதவி கேளுங்கள்.

4. சத்தமில்லாமல் தயார் செய்வது

போனிலிருந்து தொடங்குங்கள். அவருடைய கூகுள் கணக்கு வேறு எந்தப் போனில் திறந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் எவை, இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா என்று பாருங்கள். ஆனால் உடனே எதையும் அணைக்காதீர்கள். திடீரென்று இருப்பிடம் மறைந்தால் அதுவே அவனுக்குச் செய்தி. ரகசியப் பேச்சுக்கு வேறு போன், வேறு எண். பழைய போன் வழக்கம் போல ஓடட்டும். சிம் அவன் பெயரில் இருந்தால், அந்த எண்ணுக்குத்தான் ஆதாரின் ஓ.டி.பி.யும் வங்கித் தகவலும் வருகின்றனவா என்று பார்த்து வையுங்கள். கிளம்பிய முதல் வாரத்தில் மாற்ற வேண்டியவை அவை.

ஆவணங்கள்: ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்புக், படிப்புச் சான்றிதழ், நகை பில், சீர் கொடுத்த பட்டியல், பழைய மருத்துவச் சீட்டு. அசலை ஒரே நாளில் எடுத்தால் பீரோ காலியானது தெரிந்துவிடும். முதலில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு அவர் போனிலிருந்து அழிக்கட்டும். அசல் கிளம்பும் நாளில் வரட்டும். கிடைக்காமல் போனால் பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் நகல் வாங்கலாம். பாஸ்புக்கை எடுக்கத் திரும்பப் போய் மாட்டிக்கொள்வதுதான் கூடாது.

மிரட்டல் ஆடியோ, குறுஞ்செய்தி இருந்தால் திரையைப் படமெடுப்பதோடு நிற்காதீர்கள். செய்தி வந்த போனையே பத்திரப்படுத்த வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். கைமாறிக் கைமாறி வந்த பிரதிக்கு அதைக் கொடுப்பது சிரமம்.

5. இடம்

தாய் வீடு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அவனுக்கும் அதுதான் முதலில் தோன்றும். உயிராபத்து என்று முடிவு செய்த வழக்குகளில் முதல் சில நாட்களுக்குத் தாய் வீடு வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, 181-இல் கேட்டால் வழி சொல்வார்கள். அங்கே சில நாட்கள் தங்கலாம், மருத்துவம், காவல், சட்ட உதவி எல்லாம் அங்கிருந்தே தொடங்கும். நீண்ட நாள் தங்க வேறு இல்லத்துக்கு அனுப்புவார்கள். ஆண் பிள்ளை இருந்தால் வயது வரம்பு என்ன என்று முன்பே கேட்டுவிடுங்கள். வாசலில் போய் நின்று பிள்ளையைப் பிரிய வேண்டும் என்று தெரிந்தால் அவர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

தங்கியிருப்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டால் காப்பகம் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கான 2006 விதிகளில் 16-ஆம் விதி அதைச் சொல்கிறது. சேரும்போதே எழுதிக் கொடுங்கள்.

ஆபத்து பிறந்த வீட்டிலிருந்தே வருவதும் உண்டு. சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணுக்கு அப்பாவும் அண்ணனும்தான் ஆபத்து. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு இல்லமும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் வேண்டும் என்று உத்தரவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எஸ்.பி. அலுவலகத்தில் நேரடியாகக் கொடுங்கள். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ' என்ற அழைப்புக்கு அவர் போகக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

6. கிளம்பும் நாள்

அவன் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரம்தான் நல்லது. சண்டைக்கு நடுவில் 'நான் போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது மிக மோசமான வழி. 2003 ஆய்வில், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஆணை விட்டுப் பிரிந்த பெண்களுக்குக் கொலை ஆபத்து ஏறக்குறைய 9 மடங்கு இருந்தது. பிரியவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பிரிவதை அறிவிக்காமல் பிரிய வேண்டும்.

பிள்ளைகளை அன்றே கூட்டிக்கொண்டு வரட்டும். விட்டு வந்தால், பிள்ளையைக் காட்டியே திரும்ப வரவழைப்பார்கள். பள்ளியில் தலைமை ஆசிரியருக்கு மட்டும் தகவல். கடிதம் எழுதி வைத்துவிட்டு வர வேண்டாம். காணவில்லை என்று அவன் புகார் கொடுப்பான் என்பதால், போய்ச் சேர்ந்ததும் 'என் விருப்பப்படி பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று காவல் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். சேவை மையத்தின் வழியாக அனுப்பினால் முகவரி வெளிவராது.

7. காவல் நிலையம்: சி.எஸ்.ஆர். மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனவர்களில் பலர் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு வெளியே வந்து 'கேஸ் போட்டாச்சு' என்கிறார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது ஆதாரம். வழக்குப் பதிந்ததற்கு ஆதாரம் முதல் தகவல் அறிக்கை. அதன் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இங்கே புகாரை எழுதும் விதம்தான் பாதி வேலை. 'கணவர் தினமும் குடித்துவிட்டுக் கொடுமைப்படுத்துகிறார்' என்று எழுதினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவுக்குள் அடங்கிவிடும். பழைய 498-ஏ இதுதான். அதற்கு உச்சபட்சத் தண்டனை 3 ஆண்டு என்பதால் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3)-இன்படி 14 நாள் வரை முதற்கட்ட விசாரணை நடத்த வழி இருக்கிறது. அந்த 14 நாட்களில் அவனை நிலையத்துக்கு அழைத்துப் பேசுவார்கள், அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். கழுத்தை நெரித்ததையும் பெட்ரோல் ஊற்றியதையும் தேதி, இடம், சொன்ன வார்த்தை, மயங்கியது உட்பட முதல் பத்தியிலேயே எழுதினால் கொலை முயற்சிக்கான 109-ஆம் பிரிவைக் கேட்க இடம் கிடைக்கும். அதில் அந்த முதற்கட்ட விசாரணைக்கு இடமில்லை.

இங்கிலாந்து, வேல்ஸில் 2022 ஜூனிலிருந்து கழுத்து நெரிப்பு தனிக் குற்றம். நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லாததால் அது சாதாரண காயமாகப் பதியப்பட்டுவிடும் அபாயம் அதிகம். ஏ.ஆர். காப்பியை மனுவோடு இணைப்பது இதற்காகத்தான்.

எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) மன்றத்தில் மனு. நிலையத்தில் நின்று வாக்குவாதம் செய்து பொழுதைப் போக்க வேண்டாம்.

8. நீதிமன்ற மனு

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் கிடைக்கும் பாதுகாப்பு ஆணைதான் இத்தனை காகிதங்களிலும் உயிரைக் காக்க நேரடியாக உதவுவது. மனைவி மட்டுமல்ல, மகள், சகோதரி, தாய், கல்யாணம் செய்யாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்த பெண் எல்லோரும் கேட்கலாம்.

எங்கே போடுவது? அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவர் மன்றத்திலேயே போடலாம், 27-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கணவன் ஊருக்கு வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. மனுவில் தங்குமிட முகவரியை எழுதிவிடாதீர்கள், நகல் அவனுக்குப் போகும். வக்கீல் மூலமாகவோ பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ ஒரு தொடர்பு முகவரி கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும்.

பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கை, அதாவது படிவம் 1, மனுவுக்குப் பலம். ஆனால் அது வந்தால்தான் மனு போட முடியும் என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். அது கட்டாயம் இல்லை என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவம் நடந்து ஓராண்டு ஆகிவிட்டதே என்றும் தயங்க வேண்டாம். அதே ஆண்டு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கில், இந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் போடும் இந்த மனுவுக்குக் குற்றப் புகார்களுக்கான ஓராண்டு வரம்பு பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது.

மனு படிவம் 2. கூடவே படிவம் 3-இல் ஒரு பிரமாணப் பத்திரம், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 23-ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை போட நடுவருக்கு அதிகாரம் உண்டு, அதற்கு அடிப்படை அந்தப் பிரமாணப் பத்திரம். முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். இடைக்கால ஆணை இல்லாமல் அந்த மாதங்களைக் கடப்பது ஆபத்து.

அடுத்து என்ன கேட்பது. நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவை ஜீவனாம்சத்துக்கும் நகைக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டு, 18-ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு 'தக்க உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறேன்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கின்றன. இது உயிரோடு விளையாடும் சோம்பேறித்தனம். மீறினால் குற்றம் என்று 31-ஆம் பிரிவு சொல்வது பாதுகாப்பு ஆணையையும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையும்தான். அதனால் 18-ஆம் பிரிவின் கீழ் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, பிள்ளையின் பள்ளிக்கு வரக் கூடாது, தாய் வீட்டுப் பக்கம் வரக் கூடாது, போன், செய்தி, மூன்றாம் ஆள் வழியே தொடர்பு கூடாது, அவர் உறவினர்களைத் தாக்கக் கூடாது. இடங்களின் முழு முகவரி ஆணையிலேயே வர வேண்டும். 'தொந்தரவு செய்யக் கூடாது' என்று பொதுவாக இருந்தால், மீறினானா இல்லையா என்று நிலையத்தில் விவாதம் நடக்கும்.

அவர் வீட்டிலேயே இருக்க விரும்பினால் 19-ஆம் பிரிவில் அவனை வெளியேற்றக் கேட்கலாம், வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த வீடாகக் கருத வாய்ப்புண்டு. 2020 அக்டோபர் தீர்ப்பு அதற்கு வழி திறந்தது. இருந்தாலும் உயிராபத்து வழக்கில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அவன் கையில் ஒரு மாற்றுச் சாவி இருக்கும், சுற்றிலும் அவன் உறவினர்கள். வீட்டு உரிமையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். காவல் நிலையம் பாதுகாப்பு தர வேண்டும் என்ற உத்தரவை மட்டும் அதே 19-ஆம் பிரிவில் கேட்டு வாங்குங்கள்.

9. ஆணை கையில் வந்த பிறகு

நகல் இலவசம். மூன்று நான்கு பிரதி எடுத்து, அவர் தங்கும் எல்லை, வேலை செய்யும் எல்லை என இரண்டு காவல் நிலையங்களிலும் கொடுத்து சீல் போட்ட ஒப்புகை வாங்குங்கள். பள்ளிக்கும் ஒன்று. நீதிமன்றம் அனுப்பிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

நோட்டீஸ் அவன் கைக்குப் போய்ச் சேரும் நாளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய வாரம் முழுவதும் அவர் தனியாக வெளியே போக வேண்டாம், வேலைக்குப் போகும் நேரத்தையும் வழியையும் மாற்றட்டும். வாய்தா நாளில் நீதிமன்ற வளாகம், பஸ் நிலையம் இரண்டு இடத்திலும் துணை வேண்டும்.

ஆணையை மீறினால், அடிக்காமல் வெறுமனே வாசலில் வந்து நின்றாலும், அன்றே புகார். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், பிணையில் விட முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றை வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32-ஆம் பிரிவு சொல்கிறது. முதல் மீறலை 'போனாப் போகட்டும்' என்று விட்டால் அடுத்த மீறல் பெரிதாக இருக்கும்.

10. 'கடைசியா ஒரு தடவை பேசிக்கலாம்'

சமரசத்துக்கு அழைப்பு வரும். ஊர்ப் பெரியவர், நிலையத்தில் யாராவது, சில சமயம் பெண்ணின் அப்பாவே அழைப்பார். ஆலோசனைக்கு அனுப்பும் அதிகாரம் 14-ஆம் பிரிவின்படி நடுவருக்கு உண்டு. அதற்கும் விதிகள் இருக்கின்றன, அடித்ததற்கு நியாயம் கற்பிக்க அங்கே இடமில்லை. அதைத் தவிர வேறு எந்தப் பேச்சுக்கும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால் இருவரும் ஒரே அறையில் உட்காராமல், வக்கீல் வழியாக.

தனியாகச் சந்திக்கக் கூப்பிடுவது, சாமான் எடுக்க வீட்டுக்கு வரச் சொல்வது, பிள்ளைக்குப் பிறந்த நாள் என்று அழைப்பது, மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: போகக் கூடாது. பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளைப் படித்து 2019-இல் எட்டுக் கட்டங்களாக வகுத்தார். பிரிவுக்குப் பிறகு அவன் திரும்பப் பெறத் தீவிரமாக முயல்வதும், அது முடியாது என்று தெரிந்ததும் எண்ணம் மாறுவதும், பிறகு திட்டமிடுவதும் அதில் அடுத்தடுத்த கட்டங்கள். அழுது கெஞ்சியவன் திடீரென்று அமைதியாகிவிட்டால் திருந்திவிட்டான் என்று நிம்மதி அடையாதீர்கள். பாதுகாப்பைக் கூட்டுங்கள். சாமான் வேண்டுமென்றால் காவலரோடு வேறு யாராவது போய் எடுத்து வரட்டும்.

11. எல்லாம் மீறி ஓர் உயிர் போய்விட்டால்

கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் நடுவர் விசாரணை நடக்க வேண்டும். செய்தித்தாள்களில் படிக்கும் 'ஆர்.டி.ஓ. விசாரணை' இதுதான். பெற்றோர் சொல்வது அங்கே பதிவாகிறது. அழுகைக்கு நடுவில் 'நல்லாத்தான் வெச்சிருந்தாங்க' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் வழக்கு முழுவதும் அது பின்தொடரும். துணைக்கு இருப்பவர் காலண்டரையும் செய்திகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெற்றோர் நிதானமாகச் சொல்ல உதவ வேண்டும். வரதட்சணைக் கொடுமை இறப்புக்குச் சற்று முன்புவரை இருந்ததாகக் காட்ட முடிந்தால் சட்டமே எதிர்த்தரப்பைக் குற்றவாளியாக அனுமானிக்கும். 7 ஆண்டு தாண்டிவிட்டால் ஒன்றும் இல்லை என்பது தவறு. அனுமானமும் ஆர்.டி.ஓ. விசாரணையும்தான் போகும், கொலை, தற்கொலைக்குத் தூண்டுதல் ஆகிய பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. பிரேதப் பரிசோதனை முடியும் முன் தகனத்துக்குச் சம்மதிக்கவே கூடாது.

தீக்காயத்தில் உயிரோடு இருந்தால் வாக்குமூலம்தான் எல்லாம். மாமியாரும் கணவனும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்றுதான் வரும். நடுவர் வரும்வரை அவர்களை வெளியே நிறுத்தும்படி வார்டு மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள். 2009-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 2001-இல் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்த பெண்கள் சுமார் 1,06,000 பேர் என்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் 15 முதல் 34 வயது. மொத்தத் தீ மரணங்கள் காவல் துறைக் கணக்கைப் போல ஆறு மடங்கு.

12. இறந்தவரின் காலக்கோட்டை எழுதுங்கள்

இங்கிலாந்து, வேல்ஸில் 2011-லிருந்து ஒவ்வொரு குடும்ப வன்முறைக் கொலைக்குப் பிறகும், யாருக்கு என்ன தெரிந்திருந்தது, எங்கே தடுத்திருக்கலாம் என்று ஆய்வு செய்வது சட்டக் கடமை. இந்தியாவில் அப்படிக் கடமை எதுவும் இல்லை. ஒரு சிறு குழுவாக நீங்களே செய்யலாம்.

ஒரு தாளில் ஐந்து நெடுவரிசைகள் போடுங்கள்: தேதி, நடந்தது, அன்று யாருக்குத் தெரிந்திருந்தது, அப்போது எந்தச் சட்டப்பிரிவைப் பயன்படுத்தியிருக்கலாம், என்ன செய்தார்கள். முதல் தகவல் அறிக்கை, பழைய சி.எஸ்.ஆர். ரசீதுகள், மருத்துவமனைப் பதிவு, விசாரணை முடிந்திருந்தால் தீர்ப்பு, இவற்றிலிருந்து நிரப்புங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் குடும்பத்தின் வக்கீலைக் கேட்காமல் எதையும் வெளியிட வேண்டாம். பெயரும் ஊரும் தாளில் வரக் கூடாது. சில மரணங்களுக்கு இப்படிச் செய்தால் உங்கள் மாவட்டத்தில் எந்தப் படியில் தகவல் நின்றுபோகிறது என்று தெரியும்: மருத்துவமனையிலா, சி.எஸ்.ஆர். மேசையிலா, தாய் வீட்டிலா. அந்தத் தாளை மாவட்ட ஆட்சியருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும் கோரிக்கையோடு அனுப்புங்கள். கோரிக்கை ஒரே ஒன்றாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். உதாரணமாக, ஏ.ஆர். பதிவில் கழுத்து நெரிப்பு என்று வந்தால் அன்றே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போக வேண்டும் என்று.